கண் திறந்த கண்ணாடி

அத்தியாயம் 6

ஏப்ரல் முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு மேவிஸ் டில்லர்ட் எங்கள் அலுவலகத்துக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரரைப் பார்க்கணும். அதுக்குள்ள கண்ணாடியைக் கண்டுபிடிச்சுக் குடுத்துடு, ஐரிஸ்."

அவள் வீட்டுக்காரர் க்ளைவ் பிப்ரவரியில் இறந்துபோனார். சவப்பெட்டியின் பின்பக்க மூலையைத் தூக்கியவன் நான். கனமான மனிதர். ஆகவே நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஐரிஸ் பென்ட்ரித் நிமிரவில்லை. முப்பது வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக, எரிந்த கொட்டகைகளையும் தொலைந்த நகைகளையும் விசாரித்தவள். ஓய்வு பெற்றபின் எங்கள் சின்ன ஊர் சிக்னெட்டில் சலவைக் கடைக்குப் பின்னால் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தாள். நான் நெவில். குழாய் ரிப்பேர் என் தொழில்; எங்கும் குழாய் ஒழுகாத நேரத்தில் ஐரிஸுக்கு உதவியாள்.

"எந்தக் கண்ணாடி?" என்றாள் ஐரிஸ்.

"டயானாவோடது."

மேவிஸ் விக்கா மதத்துக்காரி. அவர்கள் வட்டத்தில் ஏழு பெண்கள். ஊருக்கு வெளியே பழைய ஆப்பிள் கொட்டகை ஒன்றில் கூடி, நிலாத் தெய்வம் டயானாவைக் கும்பிடுவார்கள். கும்பிட்டு முடித்ததும் கேக் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவார்கள். தங்களைச் சூனியக்காரிகள் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். நாம் சொன்னால் கோபம் வரும். ஏப்ரல் முப்பது அவர்களுக்கு நீத்தார் நாள். இலையெல்லாம் கொட்டிக் குளிர் தொடங்குகிற சமயம், செத்தவர்கள் ஒரு நடை வந்துபோவார்கள் என்று நம்பிக்கை.

"எப்படி இருக்கும் அந்தக் கண்ணாடி?"

"வட்டமா, சாப்பாட்டுத் தட்டு அளவு. சுத்தி வெள்ளிப் பூச்சு, சிப்பி பதிச்சிருக்கும், உச்சியில ஒரு பிறை. ரெண்டு பக்கமும் திருகு வச்சு முன்னும் பின்னும் சாயும். கிட்டப் போனா முகம் பெருசாத் தெரியும். தள்ளி நின்னா தலைகீழாத் தெரியும். இந்த உலகம், அந்த உலகம் ரெண்டையும் காட்டும்னு தெல்மா சொல்லுவா."

"என் தொழில்ல அந்த மாதிரிக் கண்ணாடியைக் குளியலறையிலதான் பார்த்திருக்கேன்," என்றேன்.

மேவிஸ் என்னைப் பார்த்த பார்வையில் தண்ணீர்க் குழாயே உறைந்துபோயிருக்கும். "அது வேல்ஸ்லேர்ந்து வந்தது, நெவில். அங்க ஒரு பூசாரியம்மா கைப்பட அலங்காரம் பண்ணி அனுப்பினது. அதுக்கு நான்தான் காப்பாளர். போன வியாழக்கிழமை உள் அறையில வச்சுக் கதவைச் சாத்தினேன். ஏழு நாள் யாரும் போகக் கூடாது. இன்னிக்குக் காலைல திறந்தா, இல்ல."

"பூட்டு?"

"கதவுக்கு எதுக்குப் பூட்டு? அங்க போறது நாங்க ஏழு பேர்தான்."

"யார் மேல சந்தேகம்?"

"யார் மேலயும் இல்ல."

"மத்தவங்களுக்கு யார் மேல?"

"என் மேல," என்றாள் மேவிஸ். "தனியாப் பார்க்கறதுக்கு நானே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்னு தெல்மா நினைக்கிறா. நினைச்சுட்டுப் போகட்டும். எனக்கு அது கவலை இல்ல. செத்தவங்க முதல் நீத்தார் நாளுக்குத்தான் கண்ணாடியில வருவாங்க. அடுத்த வருஷம் எட்டாத இடத்துக்குப் போயிடுவாங்க. க்ளைவுக்கு இதுதான் முதல் வருஷம். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்."

"பார்த்து என்ன கேக்கப் போற?"

மேவிஸ் கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். "உசிர் போறப்ப நான் வீட்ல இல்ல. மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். முப்பத்தஞ்சு நிமிஷம். வந்து பார்த்தா முடிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு வின்னிதான் கூட இருந்தா. அவ நர்ஸா இருந்தவ. தூக்கத்துலயே போயிட்டார், ஒரு வார்த்தை பேசலைன்னு சொல்றா. ஆனா க்ளைவ் தூக்கத்துலகூட வாயை மூடாத ஆளு. முப்பத்தொரு வருஷம் பக்கத்துல படுத்தவ நான், எனக்குத் தெரியாதா? என்னைக் கேட்டாரா இல்லையான்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

நான் ஒரு கிண்டல் தயாராக வைத்திருந்தேன். அதை விழுங்கிவிட்டேன். 

"பூஜை எத்தனை மணிக்கு?" என்றாள் ஐரிஸ்.

"சூரியன் இறங்கறப்ப. அஞ்சேகால்."

ஐரிஸ் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

*

கொட்டகை வாசலில் தலைமைப் பூசாரி தெல்மா ஆக்கர்பி நீளமான துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் துடைப்பத்தைப் பார்த்தேன். ஐரிஸ் என்னைப் பார்த்தாள். 

"மேவிஸ் உங்களையும் இழுத்துட்டு வந்துட்டாளா?" என்றாள் தெல்மா. "அவ வீட்டுக் கட்டிலுக்கு அடியில பாருங்க. இருக்கும்."

"முதல்ல இங்க பார்க்கறேன்," என்றாள் ஐரிஸ்.

உள் அறை ஒரு காலத்தில் ஆப்பிளைக் குளிர்ச்சியாக வைக்கக் கட்டியது. ஜன்னலே கிடையாது. அலமாரியில் நல்ல வெள்ளிக் கிண்ணம் ஒன்றும் வெள்ளி விளக்குத் தண்டு இரண்டும் இருந்தன. நடுவில் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பவுடர் டப்பா திறந்து நின்றது, பெண்கள் கைப்பையில் வைத்திருப்பார்களே, மூடிக்குள் கண்ணாடி பதித்தது, அது. பவுடரையெல்லாம் சுரண்டிக் கழுவித் துடைத்திருந்தார்கள். முன்னால் ஒரு கொத்து ரோஸ்மேரி இலை.

"இது யாருது?" ஐரிஸ் கேட்டாள்.

"யாருதோ. நக்கல் பண்றாங்க. பெரிய கண்ணாடியை எடுத்துட்டுச் சின்னதை வச்சுட்டுப் போயிருக்காங்க."

"நக்கல் பண்றவங்க டப்பாவைக் கழுவ மாட்டாங்க, தெல்மா. ஏழு நாள் கதவைச் சாத்தி வைக்கறது எதுக்கு?"

"கண்ணாடி ஏழு நாள் கண் திறந்து இருக்கணும். மேல துணி போடக் கூடாது. வெயிலும் படக் கூடாது. பட்டா கண் போயிடும். தெய்வத்தோட இடமும் காலியா இருக்கக் கூடாது."

"அதான் மாத்துக்கு ஒண்ணு வச்சிருக்காங்க," என்றாள் ஐரிஸ். "விக்கறதுக்கு எடுத்தவங்களா இருந்தா வெள்ளிக் கிண்ணத்தையும் கொண்டுபோயிருப்பாங்க. கோபத்துல எடுத்தவங்க இலை பறிச்சு வைக்க மாட்டாங்க. எடுத்தவங்களுக்குத் தெய்வத்து மேல பயம் இருக்கு. அதைவிடப் பெரிய பயம் ஒண்ணும் இருக்கு. அதனாலதான் எடுத்திருக்காங்க."

"பக்திமான் திருடன்," என்றேன். "உண்டியலை உடைச்சுட்டு மன்னிப்புக் கடுதாசி எழுதற ரகம்."

"அதே ரகம். அப்படின்னா அவங்க வீட்லயும் கண்ணாடி கண் திறந்துதான் இருக்கும், வெயில் படாத இடமாப் பார்த்து வச்சிருப்பாங்க." ஐரிஸ் தெல்மாவிடம் திரும்பினாள். "உங்க வட்டத்துல புதுசு யாரு?"

"வின்னி ஹார்காசில்தான். நவம்பர்ல யார்க்ஷயர்லேர்ந்து, பூமியோட அந்தக் கோடியிலேர்ந்து வந்தா. நல்ல பொம்பளை. முதல் நாள் நாங்க எல்லாம் இந்த ஊர்ச் சூரியன் போற போக்குல வட்டம் சுத்தறோம், அவ மட்டும் அவ ஊர் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தி வந்து என்மேல முட்டிட்டா. எனக்கு மூக்கு வீங்கிப் போச்சு. அவ அழுதுட்டா. அவளைப் போய்ச் சந்தேகப்படாதீங்க."

எங்கள் டாஸ்மேனியா பூமியின் தென்பாதியில் இருக்கிறது; இங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். துணி காயப் போடுவது வீட்டின் வடக்குப் பக்கம், சுவரில் பூஞ்சை பிடிப்பது தெற்குப் பக்கம். ஆகவே நாங்கள் பூஞ்சை பிடித்த பக்கமாக ஆறு வீடுகளைத் தேடினோம். ஆறு வீட்டிலும் டீ கொடுத்தார்கள். ஒரு வீட்டின் தெற்கு அறையில் இருபத்திரண்டு ஜாடி ஊறுகாயும், இன்னொன்றில் மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு கணவரும் இருந்தார்கள். மேவிஸ் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் க்ளைவின் ரப்பர் பூட்ஸ் மட்டும் இருந்தது. வின்னி வீட்டில் தெற்குப் பக்கம் குளியலறையும் சலவை அறையும்தான். மெலிந்த, சுத்தமான பெண் வின்னி. நாங்கள் கேட்பதற்கு முன்பே இரண்டு கதவையும் அவளே திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை.

ஒன்றரை மணிக்கு ரொட்டிக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

*

"ஏழாவது வீடு தெல்மாவோடதுதான்," என்றேன். "போய்ப் பார்த்துடலாமா, மேடம்?"

"தெல்மா தனக்குச் சொந்தமானதைத் தானே திருட மாட்டா. யோசிக்க விடு. நீ சாப்பிடு."

நான் சிப்பிக்கறி அடைத்த பேஸ்ட்ரியைக் கடித்தேன். ஆறு வீட்டு டீக்கு மேல் அது அமிர்தமாக இருந்தது. "வின்னி இன்னிக்கு இஞ்சி கேக் குடுக்கலை, கவனிச்சீங்களா? செவ்வாய்க்கிழமை குடுத்தா. மூணு துண்டு."

"செவ்வாய்க்கிழமை உனக்கு அங்க என்ன வேலை?"

"தீயணைக்கப் போனோம்." ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையில் நானும் உண்டு. "திரைச்சீலையில பிடிச்சுக்கிச்சு. நாங்க போறதுக்குள்ள அவளே ஒரு வாளித் தண்ணியை ஊத்தி அணைச்சுட்டா. சும்மா போயிட்டு வந்தோம். அதான் கேக்."

ஐரிஸ் டீக் கோப்பையைப் பெஞ்சில் வைத்தாள். "எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டரை இருக்கும்."

"எப்படிப் பிடிச்சுதாம்?"

"மெழுகுவர்த்தியாம். சூனியக்காரி வீட்ல மெழுகுவர்த்தி விழுந்து தீப்பிடிக்கறது, குழாய்க்காரன் வீட்ல குழாய் ஒழுகற மாதிரி. யார் கேள்வி கேப்பாங்க?"

"நான் கேக்கறேன். மெழுகு சிந்தியிருந்துதா?"

நான் மென்றுகொண்டே யோசித்தேன். "இல்ல."

"எது எரிஞ்சிருந்துது?"

"திரைச்சீலையில பாதி. அப்புறம் ஜன்னல் சட்டத்துல ஒரு கோடு. பென்சில் கனம்தான் இருக்கும், கறுப்பா, கொஞ்சம் வளைஞ்சு, மரத்து மேல இழுத்த மாதிரி போய்த் திரைச்சீலைகிட்ட முடியுது."

"நெவில், மெழுகுவர்த்தி நின்ன இடத்துல எரியும். இது நடந்து போயிருக்கு."

"ஆமா, நடந்துதான் போயிருக்கு." பேஸ்ட்ரி என் கையில் அப்படியே நின்றது. 

"பட்டப்பகல் பன்னிரண்டரைக்கு ஜன்னல்ல நடந்து போறது எது?"

"வெயில்."

"வெயில் சும்மா போனா மரம் எரியாது. கிட்டப் போனா முகம் பெருசாத் தெரியற, தள்ளி நின்னா தலைகீழாத் தெரியற கண்ணாடி குழிக்கண்ணாடி. வெயிலை ஒரு புள்ளியில குவிச்சு எதிர்ல இருக்கறதைச் சுட்டுடும். எங்க கம்பெனிக்கு இந்த மாதிரி ரெண்டு கேஸ் வந்திருக்கு. ரெண்டுலயும் முகம் பார்க்கற கண்ணாடிதான். அந்த அறையில வேற என்ன பார்த்த?"

"ஜன்னலுக்கு ஒரு கை தூரத்துல சின்ன மேஜை. மேஜை மேல ரெண்டு ஜாடியில பூ. வலது ஓரம் ஒண்ணு, இடது ஓரம் ஒண்ணு."

"நடுவுல?"

"ஒண்ணும் இல்ல." சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. நடுவில் ஒன்றுமில்லாமல் இரண்டு பக்கமும் யாராவது பூ வைப்பார்களா? அந்த வெற்றிடத்துக்கு முன்னால் நின்றுதான் மூன்று துண்டு கேக் தின்றிருக்கிறேன்.

"அந்த அறை எந்தப் பக்கம்?"

"வடக்கு."

"வா," என்றாள் ஐரிஸ்.

வண்டியில் நான் என் சிந்தனையை வெளியிட்டேன். "கண்ணாடியில க்ளைவ் வந்து மேவிஸ்கிட்ட எதையோ சொல்லிடுவார்னு வின்னிக்குப் பயம். அதானே? க்ளைவுக்கும் வின்னிக்கும் நடுவுல ஏதோ…"

"க்ளைவுக்கு எழுபத்தாறு வயசு. மூக்குல ஆக்சிஜன் குழாய். வாயைக் கழுவு."

*

வின்னி கதவைத் திறந்ததும் ஐரிஸ் உள்ளே நுழையாமல் வாசலிலேயே கேட்டாள்.

"யார்க்ஷயர்ல உங்க வீட்ல வடக்கு அறையில என்ன வச்சிருந்தீங்க?"

வின்னி திகைத்தாள். "வெண்ணெய், பால். எங்கம்மா அங்கதான் வைப்பாங்க. வெயிலே வராது."

"அதான் டயானாவையும் அங்க வச்சீங்களா?"

வின்னி கதவைப் பிடித்தபடியே நின்றாள்.  அவள் முகத்தில் தெரிந்தது, சொல்லப்போனால், நிம்மதி.

"டிசம்பர், ஜனவரி பூரா அந்த அறை இருட்டாத்தான் இருந்துச்சு," என்றாள். "நான் பார்த்துத்தான் வச்சேன்."

"கோடையில சூரியன் உச்சியில நிக்கும். உங்க வராந்தாக் கூரை மறைச்சுடும். இப்போ கீழ இறங்கிடுச்சு, கூரைக்கு அடியில நுழைஞ்சு அறைக்குள்ள வரும். இது உங்களுக்கு இங்க முதல் இலையுதிர் காலம். தெரிஞ்சிருக்க வழியில்ல."

"நான் தெய்வம் தண்டிச்சுட்டதா நினைச்சேன்."

"தெய்வம் இல்ல. வெயில்," என்றாள் ஐரிஸ். "இப்போ எங்க இருக்கு?"

"கார் டிக்கியில. கண் திறந்துதான் இருக்கு. துணி போடலை."

காலையில் அந்தக் காருக்குப் பின்னால்தான் என் வண்டியை நிறுத்தியிருந்தேன். இதை நான் சொல்லிக்காட்டத் தேவையில்லை. ஐரிஸ் சாயங்காலம் வரை அதைச் சொல்லிக்காட்டினாள்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து வின்னி சொன்னாள். "க்ளைவ் தூக்கத்துல போகலை. முழிச்சார். நல்லாத் தெளிவா. மேவிஸ்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

"ஏன்?"

"அவர் சொன்னது அப்படி. 'நீத்தார் நாள்ல மேவிஸ் அந்தக் கண்ணாடி முன்னால போய் உக்காருவா. உக்கார வேண்டாம்னு சொல்லு. நான் அதுல வர மாட்டேன்'னார். செத்துப் போறவர் கடைசியாச் சொன்னது அது. அவளோ அந்த நாளை எண்ணிக்கிட்டு இருக்கா. எப்படிங்க சொல்றது? ஒண்ணும் பேசலைன்னுட்டேன்."

நான் குறுக்கிட்டேன். "ஒரு நிமிஷம். வர மாட்டேன்னு அவரே சொல்லிட்டார். அப்புறம் வந்துடுவாரோன்னு எதுக்குப் பயந்து கண்ணாடியை எடுத்தீங்க?"

வின்னி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வர மாட்டேன்னு சொல்றதுக்காகவே வருவார். அவரைத் தெரியாதா உனக்கு?"

தெரியும். அவர் வீட்டுக் குழாயை ரிப்பேர் செய்ய நான் போனபோது, ரிப்பேர் வேண்டாம் என்று சொல்வதற்காக வாசல் வரை எழுந்து வந்தவர் அவர். அப்போதும் ஆக்சிஜன் குழாய் இருந்தது. 

"வேண்டாம்னு மட்டும்தான் சொன்னாரா? ஏன்னு சொல்லலையா?" ஐரிஸ் கேட்டாள்.

"சொன்னார். அதை நான் சொல்ல மாட்டேன். சொன்னா மேவிஸ் மட்டும் இல்ல, வட்டமே உடைஞ்சிடும்."

ஐரிஸ் எழுந்துபோய் டிக்கியைத் திறந்தாள். கண்ணாடியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள், திருகைப் பார்த்தாள், விளிம்பில் சிப்பிகளுக்கு நடுவே இருந்த ஒரு நெளிவை விரலால் தடவினாள். பிறகு அதை வின்னியிடம் நீட்டினாள்.

"நான் கண்ணாடியைத் தேடத்தான் வந்தேன். கிடைச்சுடுச்சு. அவர் சொன்னதை மேவிஸ்கிட்ட குடுக்கணுமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா அவளுக்கு வேண்டியது கண்ணாடி இல்ல, வின்னி. அவர் கடைசியா என்ன பேசினார்ங்கறதுதான். அது உங்ககிட்டதான் இருக்கு. ரெண்டையும் நீங்களே வச்சிருக்கீங்க."

*

ஐந்து மணிக்குக் கொட்டகைக்குள் ஏழு பெண்களும் கறுப்பு அங்கியில் நின்றார்கள். எங்களை வாசல் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். வின்னி கண்ணாடியைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். 

"நான்தான் எடுத்தேன்," என்றாள்.

தெல்மா கண்ணாடியைப் பார்க்கக்கூட இல்லை. நேரே கேட்டாள். "வெயில் பட்டுச்சா?"

"பட்டுச்சு. செவ்வாய்க்கிழமை."

"அப்போ கண் போச்சு. இன்னிக்குக் கண்ணாடி பார்க்கறது கிடையாது. மன்னிச்சுக்கோ, மேவிஸ். விதி விதிதான்."

மேவிஸ் தெல்மாவைப் பொருட்படுத்தவில்லை. வின்னியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷக் கல்யாணம் அவளுக்கு ஆளைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"பேசினாரா?"

"பேசினார்," என்றாள் வின்னி.

மேவிஸ் அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"முழிச்சதும் 'மேவிஸ் எங்க'ன்னுதான் கேட்டார். மருந்துக் கடைக்குப் போயிருக்கா, இதோ வந்துடுவான்னேன். 'வேற ரோட்ல போகச் சொன்னியா, பாலத்துகிட்ட பள்ளம் தோண்டி வச்சிருக்கான்'னார். அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம்தான் அதைச் சொன்னார். அந்தக் கண்ணாடியில என்னைத் தேட வேண்டாம்னு சொல்லு, நான் வர மாட்டேன்னு."

மேவிஸின் உதடு கோணியது. "ஏனாம்?"

வின்னி தெல்மாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு, பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்.

"அது அவரோட சவரக் கண்ணாடியாம். சிப்பி பிடிக்கற படகுல இருந்ததாம். உன்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி, பன்னிரண்டு வருஷம் அதுலதான் சவரம் பண்ணினாராம். நங்கூரம் விழுந்து விளிம்பு நெளிஞ்சிருக்காம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சுப் படகை வித்தப்ப அதைக் குப்பைக் கிடங்குல போட்டாராம். போன குளிர்காலத்துல நீ பாலிஷ் போடறதுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தப்பவே நெளிவைப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டாராம். சொன்னா உன் முகம் வாடிப் போயிடும்னு சொல்லலையாம். 'பன்னிரண்டு வருஷம் அதுல என் மூஞ்சியைப் பார்த்துச் சலிச்சுப் போச்சு, செத்தும் அதுலயே வந்து நிக்கணுமா'ன்னார். அவ்வளவுதான். அப்புறம் கண்ணை மூடிட்டார்."

"அபாண்டம்," என்றாள் தெல்மா. "அது வேல்ஸ்லேர்ந்து…"

"தெல்மா," என்றாள் ஐரிஸ்.

எல்லோரும் தெல்மாவைப் பார்த்தார்கள். அவள் துடைப்பத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். அது ஏற்கனவே சுவரில்தான் சாய்ந்திருந்தது.

"குப்பைக் கிடங்குக் கடையில எடுத்தேன்," என்றாள். "பதினஞ்சு வருஷம் ஆச்சு. சிப்பி நான் ஒட்டினது. பிறையும் நான்தான்."

"வேல்ஸ்?" என்று கேட்டது நான்தான். அடக்க முடியவில்லை.

"பசை வேல்ஸ்ல செஞ்சது."

யாரோ ஒருத்தி விசும்பினாள். இன்னொருத்தி அங்கியைக் கழற்றத் தொடங்கினாள். பதினைந்து வருஷமாக ஒவ்வொருத்தியும் அந்தக் கண்ணாடியில் தன் அம்மாவை, அக்காவை, ஒருத்தி தன் நாயைக்கூடப் பார்த்திருந்தாள். வின்னி பயந்தது சரிதான், வட்டம் என் கண் முன்னால் உடைந்துகொண்டிருந்தது. எனக்கு அவர்கள் தெய்வத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அந்த நேரத்தில் எதையாவது பிடித்து ஒட்டிவைக்கலாமா என்று இருந்தது.

மேவிஸ் சிரித்தாள்.

முதலில் அது அழுகை என்றுதான் நினைத்தேன். அழுகையும் இருந்தது. ஆனால் நல்ல சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது. மேடையருகே போய்க் கண்ணாடியின் நெளிவை அவளும் விரலால் தடவினாள்.

"பாலத்துகிட்ட பள்ளமாம்," என்றாள். "சாகறப்பவும் ரோடு சொல்றார் பாரு. அவரேதான். அச்சு அசல்."

"மன்னிச்சுடு, மேவிஸ்," என்றாள் வின்னி.

"இருடி." மேவிஸ் கண்ணாடியை நிமிர்த்தித் திருகை இறுக்கினாள். "இது பன்னிரண்டு வருஷம் அவர் மூஞ்சியைப் பார்த்திருக்கு. நான் பார்க்காத வயசுல. தலை நிறைய முடியோட இருந்தாராம், எனக்கு அந்த க்ளைவைத் தெரியாது. இதுக்குத் தெரியும். உலகத்துல வேற எந்தக் கண்ணாடி முன்னாடி நான் போய் உக்காரறது?"

அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"வெயில் பட்டுடுச்சே," என்றாள் தெல்மா. ஆனால் குரலில் தலைமைப் பூசாரி இல்லை.

"படகுல பன்னிரண்டு வருஷம் வெயில்லதானேடி இருந்துது?"

  தெல்மா போய் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தாள்.

வெளியே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மேவிஸ் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள்.

"வர மாட்டேன்னு சொல்லியிருக்காரே, மேவிஸ்," என்றாள் வின்னி மெதுவாக. "உக்கார வேண்டாம்னு சொன்னாரே."

"அவர் சொல்லி நான் என்னிக்குக் கேட்டிருக்கேன்?" மேவிஸ் திரும்பிப் பார்க்காமல் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். "நீயும் ஒரு நாற்காலி எடுத்துட்டு வா. வர மாட்டேன்னு சொல்றதுக்கு அவர் வந்துட்டா, எனக்கு ஒரு சாட்சி வேணும்."

வின்னி நாற்காலி எடுக்கப் போனாள்.